நாடா பதியும் இடத்தில்

குளிர் முதலில் விரல்களில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறைத் தொட்டியில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாடித் தொட்டியில் வெயில் பட்ட தண்ணீர், எப்போதும்போல் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. விரல்கள் மட்டும் விறைத்தன. கடைசித் தூரிகையின் முனையைக் கூராக்கி நிறுத்தி வைப்பதற்குள் பற்கள் அடித்துக்கொண்டன.

கார்த்திகை மாதம். மழை விட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. காலையில் ஆற்றங்கரை ஈரத்தில் இருந்ததால் வந்த காய்ச்சல் என்று நினைத்து, ஒரு மாத்திரை போட்டுப் படுத்தேன்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போய் நீர்வண்ணத்தில் மரங்கள் வரைவேன். பெரிய ஓவியர் இல்லை. படங்களை எங்கும் காட்சிக்கு வைத்ததும் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், நோய் வந்த வழி இதுதான். மருத்துவரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான். நான் மறைக்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்குள் இது வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கார்த்திகையில் நான் வரைந்துகொண்டிருந்தது சேரன்மாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றோரம் நிற்கும் ஒரு மருதமரம். காலையில் பாபநாசம் போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கி, கரையோடு நடந்தால் வரும். வெளிறிய அடிமரம், பட்டை உரிந்த இடங்களில் இளஞ்சிவப்பு. பின்னால் தூரத்தில் மலை.

நான் தரையில் உட்கார்ந்துதான் வரைவேன். உட்காரும் உயரம் மாறினால் மரம் மாறிவிடும். தரையில் இருந்து பார்த்தால் மலை மரத்தின் முழங்காலுக்குக் கீழே போய்விடும். அடிமரம் முழுவதும் வானத்தின் மேல் நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் மலை மேலே ஏறி மரத்தை இடுப்போடு வெட்டும். இது என் கணவருக்குப் புரியாது. அவர் மின்மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். "மரம் எங்க ஓடிப்போவுது? போன்ல படம் எடுத்துட்டு வந்து ஃபேனுக்கு அடியில ஒக்காந்து போடேன்" என்பார். வாரம் தவறாமல் சொல்வார். வாரம் தவறாமல் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விடவும் செய்வார்.

மரத்தை முடித்துவிட்டேன். கீழே புல் மட்டும் பாக்கி. அந்த இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டிருந்தேன். காய்ச்சல் வந்த அன்று காலையில்தான் அதைப் போடுவதாக இருந்தேன். உடம்பு அசதியாக இருந்ததால் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. எங்கள் தெருமுனை மருத்துவரிடம் போனோம். எங்களை நெடுநாளாக அறிந்தவர், நிதானமானவர். வெளியூர் எங்காவது போனீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சேரன்மாதேவியை வெளியூர் என்று யாரும் சொல்வதில்லை. உடம்பில் புண், கொப்புளம் ஏதாவது உண்டா என்றார். இல்லை என்றேன். கணவரும் பக்கத்தில் இருந்து, வீட்டை விட்டால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தை விட்டால் வீடு என்றார். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. டைபாய்டு (குடற்காய்ச்சல்) லேசாகக் காட்டுகிறது என்று ஊசி தொடங்கினார்.

ஊசி போட்டும் காய்ச்சல் ஏறியது. தலைவலி கண்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வெளிச்சத்துக்காகவே வாரம் முழுதும் காத்திருக்கும் நான், சன்னலை மூடச் சொன்னேன்.

கணவரின் தங்கை கோமதி அம்பாசமுத்திரத்தில் இருந்து வந்து என்னோடு தங்கினாள். என்னைவிட நான்கு வயது இளையவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டாள். இடுப்புக்கு வந்தபோது நிறுத்தினாள்.

"என்ன மதினி, நாடாவ இப்படியா இறுக்கிக் கட்டுவீங்க? இங்கன பொத்துப்போயில்லா கெடக்கு."

சேலை கட்டும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்பாவாடை நாடா இறுகும் இடத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு கருத்த தடம் விழுந்திருக்கும். வெயில் காலத்தில் அது அரிக்கும், சில சமயம் தோல் உரியும். எனக்கும் கோமதிக்கும், எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களுக்கும் உண்டு. நாங்கள் அதைப் புண் என்று கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதனால்தான் மருத்துவரிடம் இல்லை என்றேன். கோமதி தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, குணமாகும்வரை நைட்டியைத் தவிர வேறொன்றும் உடுத்தக்கூடாது என்று உத்தரவு போட்டாள்.

வார இறுதியில் மூச்சு மாறியது. நான் அதைக் கவனிக்கவில்லை, கோமதிதான் கவனித்தாள். பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள். அவர் உடனே கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

பெரிய மருத்துவமனையின் நடைபாதையில் சக்கரப்படுக்கையில் கிடந்தது நினைவிருக்கிறது. மேலே குழல்விளக்குகள் வரிசையாகக் கடந்து போயின. மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள் என்று யாரோ சொன்னார்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) மிகவும் குறைந்திருந்தது. கல்லீரலும் சரியில்லை. என்ன காய்ச்சல் என்று மட்டும் தெரியவில்லை.

நடைபாதையில் என் கணவரின் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். யாரோ ஒரு விவசாயி, அண்ணாச்சி, மோட்டார் கண்டென்சர் வந்துட்டா என்று கேட்டிருக்கிறார். இவர் வந்துவிட்டது, நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சாதாரணமாகப் பதில் சொல்லியிருக்கிறார். போனை வைத்த பிறகு சட்டைப் பையில் போடத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம். பின்னால் கோமதி சொன்னது.

அன்று சாயங்காலம் பணிக்கு வந்தவர் ஒரு இளம் பெண் மருத்துவர். வந்ததும் திரையை இழுத்துவிட்டு, நைட்டியைக் கழற்ற வேண்டும் என்றார். இந்த மழைக்காலத்தில் காரணம் தெரியாத காய்ச்சலோடு யார் வந்தாலும் தலை முதல் கால் வரை பார்த்துவிடுவது தன் வழக்கம் என்றார். எனக்குக் கூச்சம். அந்த நிலைமையிலும் போர்வையைப் பிடித்துக்கொண்டேனாம். நான் விடும்வரை அவர் காத்திருந்திருக்கிறார்.

காதுக்குப் பின்னால், அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு. பிறகு இடுப்பு.

"அது நாடா உரசுன புண்ணு டாக்டரம்மா" என்றாள் கோமதி. "எங்க மதினிக்கு எப்பவும் கெடக்கும். நான் எண்ணெ போட்டிருக்கேன்."

மருத்துவர் போர்வையை மேலே இழுக்கப் போனார். பாதியில் கை நின்றது. திரும்பக் குனிந்து விரலால் அழுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"நல்லா அழுத்துறேன். இப்ப?"

வலிக்கவில்லை.

"நாடா உரசினா தொட முடியாம வலிக்கும்" என்றார் கோமதியிடம். "இது வலிக்கவே இல்லங்கிறாங்க."

கைவிளக்கை எடுத்துப் பார்த்தார். எண்ணெயைப் பஞ்சால் துடைத்ததும் தெளிவாகத் தெரிந்ததாம்: நடுவில் மிளகளவு கருப்புப் பொருக்கு, சுற்றி மெல்லிய சிவப்பு விளிம்பு. தீக்குச்சியால் சுட்டது மாதிரி. நாடாத் தடத்தின் கருப்புக்குள் அந்தக் கருப்பு ஒளிந்திருந்தது.

"எங்க போய் உக்காந்தீங்க? புல்லு, புதர் பக்கம்?"

நான் பதில் சொன்னேன். எனக்கு நினைவில்லை. "மருதமரம்… அடியில புல்லு இன்னும் போடல" என்றேனாம்.

"பெனாத்துதாங்க" என்று கோமதி அழத் தொடங்கினாள்.

திரைக்கு வெளியே நின்ற கணவர் உள்ளே வந்துவிட்டார். "பெனாத்தல் இல்லளா. அவ ஞாயித்துக்கிழமதோறும் ஆத்தங்கரையில தரையோட ஒக்காந்து மரம் வரையுதா. அந்த மரத்தத்தான் சொல்லுதா."

"எங்கயும் போகலன்னு எழுதியிருக்கே?" என்றார் மருத்துவர்.

"அத எங்கயும் போறதா நாங்க நெனைக்கலம்மா" என்றார்.

நோயின் பெயர் ஸ்கிரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்). புல்லிலும் புதரிலும் வாழும் ஒருவகை உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. அந்தக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. கடித்தால் வலிக்காது. ஆடை இறுகும் இடமாகத் தேடிப்போய்க் கடிக்கும்: இடுப்பு, அக்குள், மார்பின் அடி. கடித்த இடத்தில் விழும் பொருக்குக்கு எஸ்கார் (வலியில்லாத கருகிய வடு) என்று பெயர். எல்லோருக்கும் அது வருவதில்லை. வந்தாலும் எளிதில் அகப்படுவதில்லை. காய்ச்சல் தொடங்குவது கடித்து ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து. டைபாய்டுக்குப் போடும் ஊசி இதைத் தொடாது. டாக்சிசைக்ளின் என்ற பழைய மருந்து தொடும். ஆனால் நுரையீரல் முழுவதும் கெடுவதற்குள் கொடுக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தை உடனே தொடங்கினார்கள். மூத்த மருத்துவர் வந்து என் கணவரைத் தனியே அழைத்துப் பேசினார். முகக்கவசம் வழியாகக் கொடுக்கும் ஆக்சிஜன் போதவில்லை என்றால் மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்கி, இயந்திரத்தில் வைக்க வேண்டியிருக்கும். மருந்து வேலை செய்ய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதுவரை நுரையீரல் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வெளிச்சம் மாறுவதே இல்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான். வெளியே உட்கார்ந்து வரைபவர்கள் நிழலைப் பார்த்தே நேரம் சொல்லிவிடுவோம். அடிமரத்தின் நிழல் புல்லில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் துரத்திப் பிடிப்பதுதான் பாதி வேலை. இங்கே எதற்கும் நிழல் இல்லை. செவிலியர் கைக்கு இல்லை, மருந்துக் கம்பத்துக்கு இல்லை. ஒரே வெள்ளை.

மூச்சு ஒவ்வொன்றும் நான் செய்து முடிக்க வேண்டிய வேலையாக இருந்தது. ஒன்றை இழுத்து முடிக்கும்போதே அடுத்ததை எப்படி இழுப்பது என்ற கவலை வந்துவிடும். தூங்கினால் இழுக்க மறந்துவிடுவேன் என்று பயந்து விழித்தே கிடந்தேன். அந்த மரத்தின் கிளைகளில் அடியில் இருந்து ஒன்றொன்றாக மனதில் ஏற முயன்றேன். இரண்டாவது கிளைக்கு மேல் போக முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கீழே, வெள்ளையாக விட்ட இடத்துக்கு விழுந்தேன்.

கணவரைச் சிறிது நேரம் உள்ளே விட்டார்கள். முகக்கவசத்தால் நான் பேச முடியாது. அவர் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "பைய இழு. பைய" என்றார். மோட்டாரைக் கயிறு கட்டித் தூக்கும்போது கடைப் பையன்களிடம் சொல்கிற அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை.

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் வியர்த்தது. போர்வை நனைந்து, முதுகு நனைந்து, தலையணை நனைந்தது. செவிலியர் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெப்பமானியை இரண்டு முறை வைத்தார். மூச்சு உடனே சரியாகவில்லை. ஆனால் ஆக்சிஜன் அளவு அதற்குமேல் இறங்கவில்லை. மாலையில் கொஞ்சம் ஏறியது. குழாய் தேவைப்படவில்லை. ரத்தப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சல் என்றே உறுதி செய்தது.

இந்த நோயில் இருப்பவர்களோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்து பிடித்துவிட்டால் காய்ச்சல் சட்டென்று போய்விடும். உடம்பு அப்படி வராது. வீட்டுக்கு வந்து பல வாரங்கள் என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. காதுக்குள் சிள்வண்டு போல் ஓயாத இரைச்சல். கோமதியின் பேச்சே மங்கித்தான் கேட்டது. அவள் அதையும் விடவில்லை: "இதுக்காகவே காய்ச்சல இழுத்துப் போட்டிருப்பீங்க மதினி." பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. காது மெல்லத் திரும்பியது. முடியும் வருகிறது, வெள்ளையாக.

வண்ணப்பெட்டியைக் காணவில்லை. கணவர் அதைப் பரணில் ஏற்றிவிட்டார் என்று தெரிந்தது. நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தோம்.

மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த இளம் மருத்துவரே இருந்தார். ஒருமுறை வந்தால் மறுபடி வராதல்லவா என்று கணவர்தான் கேட்டார். ஆம் என்று சொல்வார் என எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வரலாம்" என்றார் மருத்துவர். "புல்லுல உக்காராதீங்கன்னு சொன்னா கேப்பீங்களா?"

"கேக்க மாட்டா" என்றார் கணவர்.

மருத்துவர் சொன்னவற்றை அப்படியே தருகிறேன். உடம்பை மூடும் ஆடை வேண்டும்; காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். தரையில் தடித்த விரிப்பு. பூச்சி அண்டாத களிம்பு. வீடு திரும்பியதும் ஆடையை வெந்நீரில் போட்டுவிட்டுக் குளிக்க வேண்டும். உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும், பார்க்க முடியாத இடத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால், கேட்கிறார்களோ இல்லையோ, எங்கே உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற சுடிதார்கள் வீட்டில் இருந்தன; ஒன்றை உடுத்திக்கொண்டேன். பரணில் இருந்து பெட்டியைக் கணவரே இறக்கினார். கூடவே கடையில் இருந்து ஒரு தார்ப்பாயையும், எனக்குத் தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் வண்டியில் ஏற்றினார்.

மாசி மாதத்தில் ஆறு வற்றிக் கீழே போயிருந்தது. புல் பாதி காய்ந்திருந்தது. மரம் அப்படியேதான் நின்றது. நான் பழைய இடத்தைத் தேடினேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், அவருக்காக. மலை ஏறி வந்து அடிமரத்தை வெட்டியது. தாளில் இருந்ததும் எதிரில் நின்றதும் வேறு வேறு மரங்கள்.

"சேர்ல ஒக்காந்தா என்னளா கொறஞ்சிரும்?" என்றார்.

"மரம் கொறஞ்சிரும் அத்தான்."

அவர் தார்ப்பாயை நான்காக மடித்து விரித்தார். நாற்காலியை எடுத்துக்கொண்டு மேலே பாதைக்குப் போய், என்னைப் பார்க்கும்படி போட்டு உட்கார்ந்தார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். மலை கீழே இறங்கியது. கழுத்தில் முடி அசைந்தால் கை போயிற்று. கணுக்காலில் துணி உரசினால் கை போயிற்று. ஒவ்வொரு புல்லையும் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்பது எனக்குத் தெரியும். வழக்கமாக மூன்று நான்கு பச்சைகளைக் கலந்து ஈரத்திலேயே முடித்துவிடுவேன். அன்று அப்படி வரவில்லை. பச்சைப் புல்லைப் பச்சையாகவே, காய்ந்ததைக் காய்ந்ததாகவே, ஒவ்வொன்றாகப் போட்டேன். இவ்வளவு கவனமாக நான் எதையும் பார்த்ததில்லை.

என்னைக் கடித்த காலையைப் பற்றி அப்போது யோசித்தேன். மருத்துவர் சொன்ன கணக்கின்படி, அந்த மரத்தை நான் தொடங்கிய ஞாயிறாக இருக்க வேண்டும். உட்காரக் கொண்டுபோகும் பத்தமடைப் பாய்த் துண்டை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, புல்லிலேயே உட்கார்ந்த நாள். மழை விட்டு வெளுத்து, பட்டையின் சிவப்பு ஈரத்தில் கொதித்தது. இரண்டு மணி நேரம் நான் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஆண்டில் நான் மகிழ்ச்சியாக இருந்த காலைகளில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நல்ல வெளிச்சம் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் படுத்தேன். அந்த நேரத்தில் நோய் உடம்புக்குள் வந்தாயிற்று.

முப்பது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒவ்வொரு நாளையும் அன்றிரவே எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து முடிப்பேன். இப்போது கோடு இழுப்பதில்லை. கடைசி வரிக்குக் கீழே இடம் விட்டுவைக்கிறேன். ஒரு நாள் முடிந்ததா என்பது, அது போய் இரண்டு மூன்று வாரம் கழிந்தால்தான் தெரியும்.

புல்லை வரைந்த ஞாயிறு இன்னும் முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து குளித்தேன்; உடம்பு முழுவதும் பார்த்தேன்; முதுகைக் கணவர் பார்த்தார், கடையில் உதிரிபாகம் பார்க்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. ஒன்றும் இல்லை என்றார். இன்று செவ்வாய்க்கிழமை. நெற்றி குளிர்ந்திருக்கிறது. தூரிகைகள் கழுவிய இடத்திலேயே கூராக நிற்கின்றன.

படுக்கப் போகுமுன் இடுப்பில் தழும்பு இருக்கும் இடத்தையும், அதைச் சுற்றியும் விரலால் அழுத்திப் பார்த்தேன். எங்கும் வலிக்கவில்லை. அதனால் விளக்கைப் போட்டு, கைக்கண்ணாடியை எடுத்து, மறுபடியும் பார்த்தேன்.